பிரேக் இல்லாத பிழைப்பு

'உலகத்திலேயே கஷ்டமான உத்தியோகம் எது?' என்று ஒரு வாசகர் கேட்டதற்கு, 'வெளிநாட்டில் வண்டி ஓட்டுகிற பின்லாந்து ஸ்பீட்வே வீரர்' என்று சென்ற இதழில் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். 'பள்ளிக்கூட வாத்தியார்' என்று சொல்லியிருந்தால் நாலு வாத்தியார்கள் நன்றி எழுதியிருப்பார்கள், விஷயம் முடிந்திருக்கும். இப்போது மூட்டை மூட்டையாகக் கடிதம். ஆகவே இந்த இதழ் முழுக்க அந்த மனிதருக்கே. சினிமாக் கேள்விகள் அடுத்த இதழில்.

அது என்ன ஸ்பீட்வே? நம்ம ஊர் பைக் ரேஸ் மாதிரிதானே?
— ஆர்.எம்., கரூர்

மாதிரிதான், சில சாமான்களைக் கழற்றிவிட்டால். தார் ரோடு கிடையாது, மண். கியர் மாற்ற முடியாது, இருப்பதே ஒன்று. ஸ்பீடாமீட்டர் கிடையாது. பிரேக் கிடையாது. மிச்சம் 500 சி.சி. ஒற்றை சிலிண்டர் என்ஜின், இரண்டு சக்கரம், மேலே ஒரு ஆள். வண்டி 77 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது என்று விதி இருக்கிறது. பெரும்பாலும் அதை ஒட்டியே நிற்கும். நீங்கள் தினமும் ஆபீஸ் போகிற 100 சி.சி. வண்டியே இதைவிடக் கனம்.

சுற்று ஒன்று சுமார் 300 மீட்டர். நான்கு பேர், நான்கு சுற்று, எல்லா வளைவும் இடது பக்கம். ஒரு நிமிடத்தில் கதை முடிந்துவிடும். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசி ஆளுக்கு வாயில் மண். இது சும்மா பேச்சுக்குச் சொல்வதல்ல. முன்னால் போகிற மூன்று பின்சக்கரமும் வாரி இறைக்கும் மண் முழுக்க அவர் முகத்தில்தான் விழும். அதற்காகக் கண்ணாடியின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள்களை அடுக்கி ஒட்டியிருப்பார்கள். ஒன்று மறைத்தால் ஓட்டிக்கொண்டே கிழித்து எறிய வேண்டியது, அடுத்தது தயாராக இருக்கும்.

பிரேக் இல்லாத வண்டிக்கு எவன் எஃப்.சி. கொடுத்தான்?
— ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர், தருமபுரி

ஐயா, பிரேக் வைத்திருந்தால்தான் கொடுத்திருக்க மாட்டார்கள். நாலு வண்டி ஹேண்டில்பார் உரசுகிற நெருக்கத்தில் வளைவுக்குள் நுழைகிறது. முன்னால் போகிறவர் பயந்து போய் பிரேக்கை அழுத்தினால், பின்னால் வருகிறவர் அவர் முதுகில் ஏறி இறங்குவார். யாரிடமும் பிரேக் இல்லை என்பதால் யாரும் திடீரென்று நிற்க மாட்டார்கள். அந்த நம்பிக்கையில்தான் எல்லோரும் உள்ளே போகிறார்கள். எதிரி தன்னைப் போலவே மாட்டிக்கொண்டிருக்கிறான் என்பதே இந்த விளையாட்டின் பாதுகாப்பு ஏற்பாடு.

கீழே விழுந்தால் வண்டி தன்பாட்டுக்கு ஓடாதா என்று அடுத்த தபாலில் கேட்பீர்கள். வீரரின் மணிக்கட்டில் ஒரு கயிறு, அதன் மறுமுனை வண்டியில் ஒரு சுவிட்ச். ஆள் தூக்கி எறியப்பட்டால் கயிறு இழுபட்டு என்ஜின் செத்துப்போகும்.

இடது பக்கம் திரும்புவதற்கு முன்சக்கரத்தை வலது பக்கம் திருப்புவார்களாமே? என் நண்பன் சொன்னான், நான் நம்பவில்லை.
— பாலிடெக்னிக் மாணவர், விருதுநகர்

நண்பனுக்கு டீ வாங்கிக் கொடுங்கள்.

வளைவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வீரர் உடம்பை முன்னால் தள்ளி, பின்சக்கரத்தைப் பிடிமானம் இழக்க வைக்கிறார். பின்சக்கரம் வலப்பக்கமாக வெளியே ஓடுகிறது, வண்டியின் மூக்கு மைதானத்தின் உட்பக்கத்தைப் பார்க்கிறது. அப்படியே விட்டால் வண்டி சுழன்று விழும். அதைத் தடுக்கத்தான் முன்சக்கரம் எதிர்ப்பக்கம். இடது கால் தரையில். அந்த பூட்ஸுக்கு அடியில் மட்டும் ஒரு இரும்புத் தகடு மாட்டியிருக்கும், அதுதான் மண்ணின்மேல் வழுக்கிக்கொண்டே போகிறது. ஆக்ஸிலரேட்டரை விடக் கூடாது. விட்டால் பின்சக்கரம் சட்டென்று மண்ணைக் கவ்வும், வண்டி ஆளைத் தூக்கி வேலியில் போடும். பயம் வரும்போது கையைத் தளர்த்துவது மனித இயல்பு. இவர்கள் பயம் வரும்போது முறுக்கப் பழகியவர்கள்.

ஆனால் பாதி ரேஸ் வளைவுக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. தொடக்கக் கோட்டில் குறுக்கே நாடா கட்டியிருக்கும். கோட்டுக்கு வர இரண்டு நிமிட அவகாசம் உண்டு. அந்த நேரத்தில் வீரர்கள் பூட்ஸால் மண்ணைக் கொத்திக் கிளறி, பின்சக்கரம் உட்காரத் தோதாக ஒரு சின்னப் பள்ளம் பண்ணிக்கொள்வார்கள். பார்ப்பதற்குக் கோடீஸ்வர விளையாட்டு வீரர் மாதிரியே இருக்காது. நாடா மேலே பறந்ததும் கிளட்சை விட வேண்டும். முன்கூட்டி விட்டு நாடாவைத் தொட்டால் தண்டனை, கண் இமைக்கும் நேரம் தாமதித்தால் கடைசி இடம். முதல் வளைவில் முன்னால் நுழைகிறவரைப் பிறகு தாண்டுவது பெரும்பாடு.

சரி, அவர் ஏன் பின்லாந்திலேயே ஓட்டக் கூடாது? சொந்த ஊர் என்ன பாவம் பண்ணியது?
— கே.வி., கும்பகோணம்

பாவம் எதுவும் பண்ணவில்லை, பணம்தான் பண்ணவில்லை. பின்லாந்தில் ஸ்பீட்வே மைதானங்கள் உண்டு, லீக் உண்டு, தேசியச் சாம்பியன் பட்டம் உண்டு. ஆனால் மொத்த ஜனத்தொகை சுமார் 55 லட்சம், கோடைக்காலமோ வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. அங்கே ஓட்டிக் கோப்பை வாங்கலாம், குடும்பம் நடத்த முடியாது.

கூலி இருப்பது பக்கத்து நாடுகளில். ஸ்வீடனில் 1948லிருந்து லீக் நடக்கிறது. பிரிட்டனில் அதற்கும் முன்பிருந்தே. போலந்தில் இதை ஞாயிற்றுக்கிழமை வழிபாடு மாதிரி நடத்துகிறார்கள், அரங்கம் நிரம்பும், டி.வி.யில் வரும். டொருன் நகரத்தில் 2009ல் ஸ்பீட்வேக்கென்றே ஒரு அரங்கம் கட்டினார்கள், சுமார் 15,000 பேர் உட்காரலாம். ஆகவே பின்லாந்துப் பையன் ஒருவன் நன்றாக ஓட்டுகிறான் என்று ஊரில் பேச்சு வந்ததும் அவன் செய்யும் முதல் காரியம், துர்க்கு துறைமுகத்தில் ராத்திரிக் கப்பலில் வேனை ஏற்றுவது. விடிந்தால் ஸ்டாக்ஹோம்.

மாதச் சம்பளமா, கான்ட்ராக்டா? பி.எஃப். உண்டா?
— பனியன் கம்பெனி டெய்லர், திருப்பூர்

பதிலைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். பீஸ் ரேட்!

ஒரு புள்ளிக்கு இவ்வளவு என்று கிளப்புடன் பேசிக்கொள்வதுதான் வழக்கம். சீசன் தொடக்கத்தில் முன்பணமாக ஒரு தொகை சிலருக்குக் கிடைக்கும், அதில் பெரும்பகுதி வண்டி வாங்கவே போய்விடும். போலந்தின் முதல் டிவிஷனில் நட்சத்திர வீரருக்கு ஒரு புள்ளிக்கே ஆயிரக்கணக்கில் ஸ்லோட்டி. கீழ் டிவிஷனில் ஓட்டுகிறவர் டீசலுக்கும் டயருக்கும் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாவது வந்தால் ஒரு பீஸ், கடைசியில் வந்தால் அன்றைக்குச் செய்த வேலை அத்தனையும் ரிஜெக்ட். முதல் இரண்டு ஓட்டத்திலும் பூஜ்யம் வாங்கினால் மேனேஜர் அடுத்த ஓட்டத்துக்கு ரிசர்வ் ஆளை அனுப்பிவிடுவார். சம்பாதிக்கிற வாய்ப்பே போச்சு. மழை வந்து மேட்ச் ரத்தானால் ஊர் திரும்புகிற செலவும் தலையில்.

மெஷினும் உங்களுடையது என்பதுதான் கூடுதல் விசேஷம். வண்டி, மாற்று வண்டி, வேன், மெக்கானிக் சம்பளம், டயர், என்ஜினை அவ்வப்போது பிரித்து மாட்டும் டியூனரின் பில் எல்லாம் வீரர் கணக்கில். சில ஓட்டங்களிலேயே பின்டயர் தேய்ந்துபோகும். ஒவ்வொரு ஓட்டத்துக்கு நடுவிலும் மண்ணின் ஈரத்தைப் பார்த்துப் பின்சக்கரப் பல்சக்கரத்தை மாற்றுவார்கள். ஒரு பல் கூடக்குறைய இருந்தால் முதல் வளைவில் அரை வண்டி நீளம் பின்தங்க வேண்டியதுதான்.

ஒரு நல்ல வழக்கமும் இருக்கிறது. நம் ஆள் இரண்டாவதாக வருகிறார், முதலில் வந்தவர் அதே அணிக்காரர் என்று வையுங்கள். கூட்டாளியைத் துரத்தி முந்தப் பார்க்காமல், எதிரணிக்காரர்களை மறித்துக்கொண்டு வந்ததற்காக ஒரு போனஸ் புள்ளி. அணியின் ஸ்கோரில் அது சேராது, அவர் கூலியில் சேரும். சக தொழிலாளியின் காலை வாராமல் இருந்ததற்குத் தனியாகப் பணம் தருகிற தொழில் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. பி.எஃப்.? அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

என் கணவர் வாரத்தில் மூன்று நாள் டூர். உங்கள் பின்லாந்துக்காரர் எப்போது வீட்டுக்கு வருவார்?
— இல்லத்தரசி, பாளையங்கோட்டை

அக்டோபரில்.

கேலி இல்லை அம்மா. ஐரோப்பிய லீக்குகள் கிழமை பிரித்துக்கொண்டு நடக்கின்றன. பொதுவாகத் திங்களும் வியாழனும் பிரிட்டன், செவ்வாய் ஸ்வீடன், புதன் டென்மார்க், வெள்ளியும் ஞாயிறும் போலந்து. சனிக்கிழமை ஓய்வு என்று நினைத்தீர்களா? சர்வதேசப் போட்டிகள் அன்றைக்குத்தான். எல்லா லீக்கிலும் ஓட்டுகிறவர் அபூர்வம், இரண்டு மூன்று லீக்கில் ஓட்டுகிறவர் நிறையப் பேர். நாட்டுக்கு ஒரு செட் வண்டியும் ஒரு மெக்கானிக்கும் வைத்துக்கொண்டு, வீரர் மட்டும் ஹெல்மெட் பையைத் தூக்கிக்கொண்டு விமானத்தில் பறப்பார். அதற்கு வசதியில்லாதவர் வண்டியோடு தானும் சேர்ந்து வேனில் உருள வேண்டியதுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். பிரிட்டிஷ் லீக் மேட்ச் ஒன்றில் 15 ஓட்டம். ஒருவருக்கு நான்கைந்து ஓட்டம் கிடைக்கும். ஓட்டம் ஒன்றுக்கு ஒரு நிமிடம். ஆக ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி, கப்பல் ஏறி இறங்கி, தூக்கம் கெட்டு வந்து சேர்ந்து அவர் உண்மையில் வேலை பார்ப்பது ஐந்து நிமிடம். உங்கள் கணவர் டூரில் அதைவிடக் கொஞ்சம் அதிகம் வேலை செய்கிறார் என்று நம்புவோம்.

நன்றாக ஓட்டினால் பதவி உயர்வு உண்டா?
— வங்கி அதிகாரி, ஈரோடு

வேலை போகும்.

பிரிட்டனில் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு சராசரி எண் உண்டு. வாங்கிய புள்ளிகளை, போனஸையும் சேர்த்து, ஓடிய ஓட்டங்களால் வகுத்து நான்கால் பெருக்க வேண்டும். ஐந்து ஓட்டத்தில் 10 புள்ளி என்றால் சராசரி 8. அடுத்த சீசனுக்கு அணி சேர்க்கும்போது ஏழு பேரின் சராசரியையும் கூட்டினால் இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று லீக் ஒரு உச்சவரம்பு வைக்கிறது. பணக்கார கிளப் எல்லா நல்ல ஆளையும் வளைத்துப் போட்டுவிடக் கூடாது என்கிற நல்லெண்ணம்தான்.

விளைவு என்ன? போன வருடம் 5 என்ற சராசரியோடு வந்த பின்லாந்துப் பையன் உயிரைக் கொடுத்து ஓட்டி அதை 8 ஆக்கினால், மேனேஜர் அவனைக் கட்டிப்பிடித்துப் பாராட்டுவார், ரசிகர்கள் ஜெர்சியில் கையெழுத்து வாங்குவார்கள். குளிர்காலத்தில் மேனேஜர் கால்குலேட்டரை எடுப்பார். ஏழு பேரின் கூட்டல் வரம்பைத் தாண்டுகிறது. யாரையாவது கழற்றிவிட்டாக வேண்டும். வளர்ந்தவன்தான் இடத்தை அடைக்கிறான். அணிகள் தேடுவது, எண்ணில் குறைவாகவும் ஓட்டத்தில் அதிகமாகவும் இருக்கிற ஆளை. அதாவது இன்னும் வளராத, ஆனால் சீக்கிரமே வளரப்போகிற ஆளை. நான் இந்த விதியை முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

எங்கள் ஊரில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறதே. ஒருமுறை இங்கே நடத்தச் சொல்லலாமே?
— பி.எஸ்.ஜே., கோயம்புத்தூர்

செட்டிபாளையத்தில் இருப்பது அருமையான தார் டிராக். அதன்மேல் நாலு லாரி மண்ணைக் கொட்டலாமா என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பதிலை எனக்கும் எழுதுங்கள்.

அது அப்படியொன்றும் நடக்காத காரியமில்லை. பின்லாந்திலேயே தாம்பரே நகரத்து ரதினா தடகள அரங்கத்தில் 2014லும் 2015லும் உலகச் சாம்பியன் தொடரின் ஒரு சுற்று நடந்தது. வழக்கமாக ஓட்டப்பந்தயமும் கால்பந்தும் நடக்கிற இடம். தற்காலிகமாக மண் டிராக் போட்டு, நடத்தி முடித்து, அள்ளிக்கொண்டு போனார்கள். வருடம் முழுக்க அடுத்த நாட்டு மண்ணைத் தின்கிறவர்களுக்குச் சொந்த நாட்டு மண்ணைத் தின்ன இரண்டு வாய்ப்பு.

எனக்கு வயது 58. நானும் ஓட்டலாமா?
— டி.எஸ்., மன்னார்குடி

முழங்கால் இரண்டும் என்ன சொல்கின்றன?

ஃபார்முலா ஒன் கார் ரேஸில் பின்லாந்துக்காரர்கள் கலக்குகிறார்கள். ஸ்பீட்வேயில் எத்தனை உலகச் சாம்பியன்?
— பொறியியல் மாணவி, சென்னை

தனிநபர் ஸ்பீட்வே உலகப் பட்டத்தில் பூஜ்யம். கேகே ரோஸ்பெர்க் 1982ல், மிகா ஹாக்கினென் 1998, 1999ல், கிமி ரைக்கோனென் 2007ல் என்று கார்ப் பந்தயத்தில் வரிசை கட்டி வாங்கிய நாட்டுக்கு, இதில் ஒன்றுகூட இல்லை. பக்கத்து ஸ்வீடனைப் பாருங்கள். ஓவே ஃபுண்டின் 5 முறை, டோனி ரிக்கார்ட்சன் 6 முறை. இரண்டு ஊரிலும் அதே குளிர், அதே மரம், அதே காபி. ரத்தத்தில் இருக்கிறது, மண்ணில் இருக்கிறது என்பதெல்லாம் இங்கே எடுபடாது. வீட்டு வாசலிலேயே காசு கொடுக்கிற லீக் இருந்த பையன், பதினைந்து வயதில் உலகத்தரமான ஆட்களின் பின்சக்கரத்தைப் பார்த்து வளர்கிறான். இல்லாத பையன் முதலில் கப்பல் டிக்கெட்டுக்குக் காசு சேர்க்கிறான். இது என் அபிப்பிராயம், மறுப்பவர்கள் தபால்தலை ஒட்டி அனுப்பவும்.

ஆனால் ஒரு பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்: யோனாஸ் குல்மாகோர்பி. ஸ்டாக்ஹோமில் பிறந்த பின்லாந்துக்காரர். ஸ்பீட்வேயின் அண்ணன் மாதிரியான லாங்டிராக் என்ற பந்தயத்தில் 2010லிருந்து 2013 வரை தொடர்ந்து நான்கு முறை உலகச் சாம்பியன். இதில் சுற்று ஆயிரம் மீட்டர் வரைக்கும் போகும். ஜெர்மனியில் ஹெர்க்ஸ்ஹைம் என்ற ஊரின் மணல் டிராக் அப்படிப்பட்டது. வண்டிக்குத் தாராள மனதோடு இரண்டு கியர் கொடுத்திருக்கிறார்கள். பிரேக்? மூச்!

நாலு தடவை உலகத்தை ஜெயித்தவர் பெயரை இந்தப் பத்திரிகை வாசகர்களில் ஒருவர்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன். வருத்தப்பட வேண்டாம். ஹெல்சிங்கி வீதியில் பத்துப் பேரை நிறுத்திக் கேட்டால் அங்கேயும் பாதிப் பேர் விழிப்பார்கள் என்பது என் சந்தேகம்.

குளிர்காலத்தில் என்ன செய்வார்கள்? கம்பளி போர்த்திக்கொண்டு தூங்குவார்களா?
— சி.என்., உதகை

உறைந்த ஏரியில் ஓட்டுவார்கள். டயர் முழுக்க கிட்டத்தட்ட மூன்று சென்டிமீட்டர் நீள இரும்பு முட்கள். மண்ணில் வழுக்கிப் போவது போய், பனிக்கட்டியைக் கடித்துக்கொண்டு, இடது ஹேண்டில்பார் தரையைத் தொடுகிற அளவுக்குச் சாய்ந்து திரும்புவார்கள். இந்த ஐஸ் ஸ்பீட்வேயில் பின்லாந்துக்கு ஒரு தனிநபர் உலகச் சாம்பியன் உண்டு: யார்மோ ஹிர்வாசோயா, 1990.

ஐஸில் கை பழகி வெளிநாடு போனவர்களில் பெரிய பெயர் துர்க்கு நகரத்து யார்னோ சாரினென். அவர் போனது ஸ்பீட்வேக்கு அல்ல, தார் ரோட்டுப் பந்தயத்துக்கு. 1972ல் 250 சி.சி. உலகச் சாம்பியன். 1973ல் அமெரிக்காவின் டேடோனா 200 பந்தயத்தைத் தன் வண்டியைவிடப் பெரிய வண்டிகளுக்கு எதிரே 350 சி.சி. யமஹாவில் ஜெயித்தார். வளைவில் உடம்பை வெளியே தொங்கவிட்டு முழங்காலை நீட்டுகிற இன்றைய பாணியைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர். அதே 1973ல், மே 20 அன்று, இத்தாலியின் மோன்சாவில் நடந்த விபத்தில் இறந்துபோனார். 27 வயது.

நாங்கள் இருப்பது லண்டன் டூட்டிங்கில். பக்கத்தில் விம்பிள்டனில் ஸ்பீட்வே நடந்ததாக இங்குள்ள பெரியவர் ஒருவர் சொல்கிறார். டென்னிஸைத்தான் அப்படி உளறுகிறாரா?
— யாழ்ப்பாண வாசகர், லண்டன்

பெரியவர் சொல்வது சரி. நீங்கள் மிளகாய்த்தூளும் பனங்கிழங்கும் வாங்குகிற கடைத்தெருவிலிருந்து நடந்தே போகலாம். பிளவ் லேன் பகுதியில் இருந்த விம்பிள்டன் ஸ்டேடியத்தில் 1928லிருந்து 1991 வரை ஸ்பீட்வே நடந்தது. உலகச் சாம்பியன்களான நியூசிலாந்தின் ரோனி மூர், பாரி பிரிக்ஸ் எல்லாம் அந்த அணிக்கு ஓட்டியவர்கள். 2002ல் மறுபடி தொடங்கி 2005ல் மறுபடி நின்றது. நாய்ப் பந்தயம் மட்டும் 2017 வரை தாக்குப்பிடித்தது. பிறகு இடித்துவிட்டு, 2020ல் அங்கே கால்பந்து அரங்கம் வந்துவிட்டது.

பின்லாந்துக்காரர்கள் வேலை பார்த்த இடங்களுக்கும் இதே ஜாதகம்தான். இலா தெரோமா என்பவர் 1970களின் கடைசியில் லெஸ்டர் அணிக்கு ஓட்டினார். அந்த பிளாக்பேர்ட் ரோடு மைதானம் 1983 சீசனோடு மூடப்பட்டு வீடுகளாகிவிட்டது. கௌகோ நியெமினென் ஓட்டிய வொர்க்கிங்டன் காமெட்ஸ் அணியின் கதை இன்னும் வேடிக்கை. 2018ல் அந்த அணி ஒரே சீசனில் மூன்று கோப்பைகளை வென்றது. வென்ற கையோடு, கட்டுப்படியாகவில்லை என்று லீக்கிலிருந்து விலகிவிட்டது.

ஓய்வுபெற்ற குமாஸ்தா தன் பழைய ஆபீஸைப் பேரனுக்குக் காட்டலாம். இவர்கள் பேரனைக் கூட்டிக்கொண்டு போனால் யார் வீட்டுச் சமையலறை வாசலிலோ நின்று, 'இங்கேதான்டா இரண்டாவது வளைவு' என்று சொல்ல வேண்டும்.

ஸ்பீட்வே மைதானத்தில் ஒரு தனி வாசனை வருமாமே?
— எண்ணெய் வியாபாரி, சேலம்

உங்கள் கடை வாசனைதான். எரிபொருள் மெத்தனால். என்ஜினுக்கு ஊற்றுகிற எண்ணெய் பரம்பரையாக ஆமணக்கு எண்ணெயில் செய்தது, நம் விளக்கெண்ணெயேதான். அது சூட்டில் கருகும் மணத்துக்காகவே மைதானத்துக்கு வருவதாகச் சொல்கிற கிழவர்கள் பிரிட்டனில் உண்டு. நமக்கு அந்த மணத்தில் பாட்டியும் ஸ்பூனும் ஞாபகம் வருவதால் இந்த விளையாட்டு இங்கே பரவாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

விசா தொல்லை உண்டா?
— டிராவல் ஏஜென்ட், திருச்சி

1995ல் பின்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு கால் நூற்றாண்டுக்கு பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். பிரெக்ஸிட் வந்தது, பிரிட்டனுக்கு மறுபடி விசா, ஒப்புதல் கடிதம், ஃபார்ம். வண்டியை நிறுத்த பிரேக் வைக்காத விளையாட்டை அரசாங்கம் காகிதத்தால் நிறுத்திவிட்டது. ஸ்வீடனும் போலந்தும் இன்னும் திறந்த வீடு.

விழுந்தால் என்ன ஆகும்? இதுவரைக்கும் தமாஷாகவே பதில் சொல்கிறீர்கள்.
— செவிலியர், வேலூர்

எலும்பு முறியும். தோள்பட்டை எலும்பு முறிந்து தகடு வைத்துக்கொள்ளாத வீரரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சில வாரங்களில் திரும்பி வந்து ஓட்டுவார்கள், ஏனென்றால் ஓட்டாத வாரத்துக்குப் புள்ளி இல்லை, புள்ளி இல்லாவிட்டால் கூலி இல்லை. பெரிய மைதானங்களில் இப்போது வளைவைச் சுற்றிக் காற்றடைத்த மெத்தை வேலி இருக்கிறது. நிறைய உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. எல்லாரையும் அல்ல.

ஸ்வீடனின் பெர் யோன்சன் 1990ல் உலகச் சாம்பியன். போலந்தில் டொருன் அணிக்கு ஓட்டியவர். 1994ல் ஒரு லீக் மேட்சில் விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டு, அதற்குப் பிறகு சக்கர நாற்காலிதான். டொருனில் ஒரு புது அரங்கம் கட்டியதாகச் சொன்னேனே, அது இருக்கிற தெருவுக்கு அவர் பெயரை வைத்தார்கள். வெளியூரிலிருந்து கூலிக்கு வந்த ஆள். இன்றைக்கு அந்த ஊர் அரங்கத்தின் விலாசம் 'பெர் யோன்சன் தெரு, 7'.

என் அண்ணன் மகள் பின்லாந்தில் மேற்படிப்பு படிக்கிறாள். ஸ்பீட்வே ஓட்டுகிற பையன் ஒருவனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்கிறாள். கொடுக்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத அத்தை, காரைக்குடி

ஜாதகம் கேட்காதீர்கள், சராசரி கேளுங்கள். எட்டுக்கு மேல் என்றால் கை நிறையக் காசு, ஆனால் அடுத்த வருடம் எந்த ஊர் என்று அவனுக்கே தெரியாது. நாலுக்குக் கீழ் என்றால் வேன் தவணையைப் பெண்தான் கட்ட வேண்டியிருக்கும். ஆறு என்றால் தங்கமான பையன். எந்த அணியும் சேர்த்துக்கொள்ளும், எந்த அணிக்கும் கழற்றிவிட மனசு வராது. முகூர்த்தம் மட்டும் நவம்பருக்கு மேல் வையுங்கள். ஐப்பசி மழையில் பந்தல் நனைகிறதே என்று கவலைப்பட்டால், நனைந்தால் மாப்பிள்ளைதான் முதல் ஆளாக 'மேட்ச் ரத்தா?' என்று கேட்பார். பழக்கதோஷம்.